ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி?

கேள்வி: எங்கள் சிறு நகரில் நகராட்சி நடுநிலைப் பள்ளி, அரசு உயர்நிலைப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி என மூன்று இருக்கின்றன. ஐந்தாம் வகுப்பு முடித்த மகளை எதில் சேர்க்கலாம்?

பதில்: கட்டடத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஆசிரியர்களைக் கணக்கெடுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 8 வரை 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். கணிதம்-அறிவியல், சமூக அறிவியல், மொழி ஆகியவற்றுக்குத் தனித்தனி ஆசிரியரும் வேண்டும். காலிப் பணியிடம் உண்டா என்று தலைமையாசிரியரிடமே கேளுங்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். (தேசிய வருவாய்வழி, திறன் உதவித்தொகை) தேர்வுக்குப் பயிற்சி தருகிறார்களா என்றும் விசாரியுங்கள். அதில் தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான்கு ஆண்டுகள் ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை. ஏழைக் குடும்பத்துக்கு அது பெரிய துணை.

பலர் கவனிக்காத ஒன்று: மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே. நகராட்சிப் பள்ளியும் அதில் அடங்கும். உதவி பெறும் பள்ளி அடங்காது. பதினொரு வயதில் எடுக்கும் முடிவு பதினெட்டு வயதில் கதவைத் திறக்கும் அல்லது மூடும்.

நடுநிலைப் பள்ளியில் சேர்த்தால் எட்டாவதோடு மாற வேண்டியிருக்கும். ஆனாலும், பாட ஆசிரியர்கள் அங்கே முழுமையாக இருந்தால் நான் அதையே பரிந்துரைப்பேன். சேர்த்தபின் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குத் தவறாமல் போய் வாருங்கள்.