எரிமலை காணச் செல்வோர் கொள்ளும் நம்பிக்கைகள்

எரிமலையின் அபாயம் முழுவதும் செந்நிறமாய் வழிந்தோடும் அக்கினிக் குழம்பிலேயே அடங்கியிருக்கிறது என்றும், அது கண்ணில் பட்டவுடன் திரும்பி ஓடிவிட்டால் போதும் என்றும், அதைக் காணப் புறப்படுகிறவர்களில் பலர் மனப்பூர்வமாக நம்புகிறார்கள். குழம்போ பெரும்பாலும் மெல்ல நகர்வது. உயிரைக் கவர்பவை வேறு.

ஜப்பான் தேசத்து ஒன்டாக்கே மலையில், 2014 செப்டம்பர் 27 அன்று, இலையுதிர்காலத்து வர்ண விசித்திரங்களைக் காண ஏறிய ஜனங்கள் சிகரத்தருகே இளைப்பாறிக்கொண்டிருந்த நண்பகல் வேளையில், மலை வெடித்தது. குழம்பு ஏதும் பெருகிவரவில்லை. பூமிக்குள்ளிருந்த நீர் உஷ்ணத்தால் ஆவியாகி, அடங்க இடமின்றி, பாறைகளைத் தகர்த்து வானில் எறிந்தது. 58 பேர் மாண்டு, 5 பேர் காணாமற்போன அந்த விபத்தில், மாண்டவர்களில் பெரும்பாலோர் விழுந்த கற்களால் அடிபட்டவர்களே. மலைக்குடில்களுக்குள் ஒதுங்க முடிந்தவர்கள் பலர் பிழைத்தார்கள்.

‘அபாயமென்றால் அரசாங்கம் முன்கூட்டிச் சொல்லிவிடுமே’ என்பார்கள். அம்மாதம் 10, 11 தேதிகளில் சிறு நில அதிர்ச்சிகள் மிகுந்திருந்தும், வெடித்த கணத்தில் அம்மலைக்குரிய எச்சரிக்கை ஐந்து படிகளில் முதற்படியிலேயே இருந்தது. இது அதிகாரிகளைக் குறை கூறுவதற்கன்று. நீராவி வெடிப்பு முன்னறிவிப்பின்றியும் நிகழக்கூடியது. ஆகவே அறிவிப்பைத் தவறாமல் படித்து, அது தடுக்கும் எல்லையை ஒருபோதும் மீறாமல், அது அனுமதிக்கும் இடத்திலும் தலைக்கவசம் அணிந்து, ஒதுங்குமிடத்தை முதலிலேயே பார்த்துவைத்து, எரிமலை வாயின் விளிம்பில் நெடுநேரம் நில்லாமல் திரும்புவதே விவேகம்.

துணியால் மூக்கை மூடினால் புகை அணுகாது என்பதும் பிழை. துணி சாம்பலை ஓரளவு தடுக்கும், வாயுவைத் தடுக்காது. காற்றினும் கனத்த கரியமில வாயு மணமின்றிப் பள்ளங்களில் தேங்கும். அதே ஜப்பானின் ஆசோ எரிமலை வாயருகே 1997-இல் கந்தக வாயுவால் இருவர் இறந்தார்கள். ஆஸ்துமாவோ இருதய நோயோ உடையவர்கள் அங்கே போகலாகாது என்று இன்றும் எச்சரிக்கிறார்கள்.

வாயு மிகுந்தால் ஆசோவின் வாய்க்குச் செல்லும் வழியை அடைத்துவிடுவார்களாதலால், பிரயாணத் திட்டத்தில் ஒரு நாளை உபரியாக ஒதுக்கிக்கொள்ளுங்கள். அன்றும் திறக்காவிடில், சற்றுத் தொலைவிலுள்ள குசாசென்ரிப் புல்வெளியிலிருந்து அந்த வெண்புகை எழுவதை நிம்மதியாகக் காணலாம். அங்கேயே எரிமலைக் காட்சிசாலை ஒன்றும் இருக்கிறது.