தோம்பில் பிடித்த தண்ணீர் குடிக்கத் தகுமா?

கேள்வி: பீடோங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில் குடியிருக்கிறோம். மாமியார், கைக்குழந்தை உட்பட ஆறு பேர். குழாயில் தண்ணீர் அடிக்கடி நின்றுபோகிறது. சில சமயம் மூன்று நாள்கூட வருவதில்லை. தண்ணீர் லோரி வந்தாலும் எங்கள் வரிசைக்கு வருவதற்குள் இருட்டிவிடுகிறது. ஆகையால் தோட்டத்தில் கிடைத்த நீலத் தோம்பு ஒன்றைக் கழுவித் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறோம். காய்ச்சி ஆறவைத்து ஊற்றினால்தான் கெடாது என்கிறார் மாமியார். பச்சைத் தண்ணீரே போதும் என்கிறார் கணவர். எது சரி? எத்தனை நாள் வைக்கலாம்?
— வாசகி, பீடோங்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, தங்கள் கேள்விகளுக்கெல்லாம் முன்பாக நான் கேட்க வேண்டியது ஒன்றுண்டு: அந்த நீலத் தோம்பில் முன்பு என்ன இருந்தது? பால்மரக் காலத்தில் ரப்பர்ப் பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலமும் உறையாமல் காக்கும் அம்மோனியாவும் தோட்டத்து ஸ்டோருக்கு இப்படிப்பட்ட தோம்புகளில்தான் வந்திறங்கின; செம்பனைக் காலத்தில் அவற்றின் இடத்தைக் களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் பிடித்துக்கொண்டன. பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து மலேசியாவில் அறவே தடை செய்யப்பட்டுவிட்டதென்றாலும், அதற்கு முன் வந்த தோம்புகள் யார் வீட்டுக் கொல்லையில் என்ன வேலைக்கு நிற்கின்றன என்பதை யாரும் கணக்கெடுத்ததில்லை. பிளாஸ்டிக் தன்னுள் இருந்த திராவகத்தைச் சிறிது உறிஞ்சிக்கொண்டு, பின்னர் அதைக் கொஞ்சங்கொஞ்சமாகத் தண்ணீரில் விடும் சுபாவம் உடையது. சவர்க்காரம் போட்டு எத்தனை முறை தேய்த்தாலும் அது முழுதும் நீங்கிவிட்டதென்று சொல்ல முடியாது. கொதிக்கவைத்தால் கிருமிதான் சாகுமே தவிர மருந்து போகாது. ஆகவே பூர்வீகம் தெரியாத அந்தத் தோம்பைக் கழிப்பறைக்கு ஊற்றும் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குழந்தையின் பால் போத்தல் கழுவுவதற்குக்கூட அதைத் தொடவேண்டாம்.

இனி மாமியாருக்கும் கணவருக்கும் இடையேயுள்ள வழக்கில் நான் கணவரின் பக்கம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. அம்மையார் மன்னிக்க வேண்டும். சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில் சிறிதளவு குளோரின் மிஞ்சியிருக்கும். வழியிலும் பாத்திரத்திலும் புகும் கிருமிகளைத் தடுக்கும் காவல் அதுதான். கொதிக்கவைக்கும்போது அந்தக் காவல் ஆவியாகிப் போய்விடுகிறது. அப்படிக் காவலிழந்த நீரைக் கைபட்ட பாத்திரத்தில் ஊற்றி மூன்று நாள் வைப்பதைவிட, குழாய் ஒழுங்காக வரும் நாளில் பச்சையாகவே பிடித்து இறுக மூடிவைத்து, குடிக்கும் வேளையில் வேண்டிய அளவை மட்டும் எடுத்து, தளதளவென்று ஒரு நிமிஷம் கொதிக்கவிட்டு, அன்றே தீர்த்துவிடுவதுதான் முறை. குழந்தையின் பாலுக்கு இன்னும் ஜாக்கிரதை தேவை. பால்மாவும் கிருமியற்ற பொருளன்று. ஆதலால் காய்ச்சிய நீர் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் இருக்கும்போதே மாவைக் கலந்து, பிறகு ஆற்றிக் கொடுக்கவேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

எவ்வளவு பிடித்துவைப்பது? குடிப்பதற்கும் சமையலுக்கும் பல் துலக்குவதற்குமாக ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று வைத்தால், ஆறு பேருக்கு மூன்று நாளைக்கு 72 லிட்டர் வரும். மளிகைக் கடையில் விற்கும் ஒன்றரை லிட்டர் மினரல் தண்ணீர்ப் போத்தல்களில் அது 48 போத்தல், கட்டிலடியில் அடுக்கிவிடலாம். பெரிய பாத்திரத்தைவிடச் சிறிய போத்தல்களையே நான் விரும்புவேன். தோம்பைத் திறந்து குவளையால் மொண்டெடுக்கும் ஒவ்வொரு முறையும் விரல்நுனி தண்ணீரில் படுகிறது. ஐந்து வயதுப் பிள்ளை மொண்டால் முழங்கை வரை படுகிறது. போத்தலில் அந்த வழியே இல்லை. பெரிய பாத்திரந்தான் வேண்டுமென்றால் குறுகிய வாயும் அடியில் குழாயும் உள்ளதாக வாங்குங்கள். பால் இருந்த போத்தலை விலக்குங்கள். அதன் பிசுக்கு எளிதில் போகாது.

போத்தலைக் கழுவும் விதமும் சொல்லவேண்டும். சவர்க்காரத்தால் கழுவிய பின், ஒரு லிட்டர்த் தண்ணீரில் வாசனை சேராத குளோராக்ஸ் ஒரு தேக்கரண்டி கலந்து, அதை உள்ளே ஊற்றி எல்லாப் பக்கமும் படும்படி குலுக்கி, அரை நிமிஷத்துக்குமேல் வைத்திருந்து கொட்டிவிட்டு, நல்ல தண்ணீரால் அலசிக் கவிழ்த்து உலரவிடுங்கள். எலுமிச்சை வாசனையுள்ளது வேண்டவே வேண்டாம். நிரப்பிய போத்தல்களை வெயில் படாத இடத்தில், மண்ணெண்ணெய்க்கும் மருந்தடிக்கும் பம்புக்கும் எட்டத்தில் வைக்கவேண்டும். அவற்றின் ஆவி பிளாஸ்டிக்கையும் ஊடுருவும். லயத்து வீடுகளில் அந்தப் பம்பு பெரும்பாலும் அடுப்படிக்குப் பின்சுவரிலேயே சாய்ந்திருப்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தார் வீட்டில் பிடித்த தண்ணீரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். தகரக் கூரையின் கீழ் பிற்பகலில் வேகும் நம் லயத்துக்கு அது அதிகமென்பது என் அபிப்பிராயம். சம்பள வாரந்தோறும் பழைய தண்ணீரைச் சோறு வடிக்கவும் துணி அலசவும் செலவழித்துவிட்டு, புதிதாகப் பிடித்துத் தேதி எழுதிவையுங்கள். புழக்கத்திற்கென்று வைக்கும் தோம்பும் மூடியில்லாமல் இருக்கலாகாது. ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உட்சுவரில் முட்டையிடுகிறது; ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாளில் அந்த முட்டை கொசுவாகிவிடும்; காய்ந்த முட்டையோ மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். ஆகையால் தண்ணீரைக் கொட்டினால் போதாது, சுவரைத் தேய்க்கவும் வேண்டும். 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டில் கொசுப்புழு கண்டால் 500 வெள்ளி வரை கட்ட நேரும்.

மூடா, பெடு அணைகள் 1960களில் எழத் தொடங்கி வயல்களுக்கு இருபோக நீர் தந்த நம் கடாரத்தில் குடிதண்ணீர் நிற்பானேன் என்று பலர் வியக்கிறார்கள். வறட்சி மட்டும் காரணமன்று. மழையும் தண்ணீரை நிறுத்தும். 2021 ஆகஸ்டு 18ஆம் தேதி குனோங் ஜெராயிலிருந்து யான் பக்கம் பாய்ந்த வெள்ளமும், 2022 ஜூலை 4ஆம் தேதி பாலிங்கில் இறங்கிய வெள்ளமும் சேற்றையும் வேரோடு பெயர்ந்த மரங்களையும் அடித்துக்கொண்டு வந்தன. அவ்வளவு கலங்கிய ஆற்றுநீரை எந்தச் சுத்திகரிப்பு நிலையமும் ஏற்காது. தெளியும்வரை நிறுத்தத்தான் வேண்டும். ஆகவே ஜனவரி, பிப்ரவரி வெயிலுக்கு மட்டுமன்றி, மலைப்பக்கம் இருண்டு பெருமழை கொட்டும் மாதங்களுக்கும் போத்தல் நிரம்பியிருக்கட்டும்.

போத்தல் நிரப்புவது தங்கள் வேலையானாலும், குழாயில் தண்ணீர் வரச்செய்வது தங்கள் வேலையன்று. தொழிலாளரைக் குடியமர்த்தும் முதலாளி போதிய குழாய்த் தண்ணீரை இலவசமாக வழங்கவேண்டுமென்பது 1990ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் விதி. நின்ற நாள்களைக் காலண்டரில் குறித்துவைத்து, லயத்தார் சேர்ந்து நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுங்கள்; பிரயோஜனமில்லையென்றால் தொழிலாளர் இலாகாவுக்கு எழுதுங்கள்.

கேள்வி: பித்தளைக் குடத்துத் தண்ணீர் தானே சுத்தமாகுமென்று பாட்டி சொல்வார். உண்மையா?
— வாசகர், கூலிம்

பதில்: பாதி உண்மை. பித்தளைப் பாத்திரத்தில் வைத்த நீரில் குடற்கிருமிகள் 48 மணி நேரத்தில் மடிகின்றன என்று 2005இல் பிரிட்டனின் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். ஆனால் நேற்று ஊற்றிய நீருக்கு அந்தச் சான்று பொருந்தாது. உள்ளே ஈயம் பூசிய குடத்தில், கிருமியைக் கொல்லும் பித்தளையின் செப்பு தண்ணீரைத் தொடுவதே இல்லை. வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் காய்ச்சிக் குடியுங்கள். அடுப்புக்கு வழியில்லாத வேளையில், தெளிந்த நீர் லிட்டருக்கு 5 அல்லது 6 சதவீத வாசனையற்ற குளோராக்ஸ் 2 சொட்டு விட்டு, அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். கலங்கல் நீரைத் துணியில் வடிகட்டி, சொட்டை இரட்டிப்பாக்கவேண்டும்.

கேள்வி: எங்கள் தாமான் வீட்டில் தண்ணீர் நின்றால் சமையலறைக் குழாய் உடனே வறண்டுவிடுகிறது, குளியலறையில் மட்டும் வருகிறது. அதைக் குடிக்கலாமா?
— வாசகர், சுங்கைப்பட்டாணி

பதில்: சமையலறைக் குழாய் பெரும்பாலும் தெருக்குழாயிலிருந்து நேரே வருவது, மற்றவை கூரைமேல் தொட்டியிலிருந்து இறங்குபவை. தொட்டியின் அடியில் வண்டலும், மூடி சரியில்லையென்றால் பல்லியும் இருக்கலாம். எனவே நன்றாகக் கொதிக்கவைக்காமல் குடிக்கலாகாது. தண்ணீர் திரும்பி வரும்போது முதலில் வருவது செம்மண் நிறமாக இருக்குமாதலால், துணிதுவைக்கும் இயந்திரத்தின் குழாயையும் வடிகட்டியின் குழாயையும் முன்னதாகவே அடைத்துவிட்டு, வாசல் குழாயை மட்டும் திறந்து தெளியும்வரை ஓடவிடுங்கள்; அந்தக் கலங்கலை வாளியில் பிடித்துச் செடிகளுக்கு ஊற்றலாம்.