குழாயில் தண்ணீர் நூல் போல வருகிறதா?

கொழுந்து நிறுத்துவிட்டு வீடு திரும்பும் நேரம். பீலியடியில் வாளிகள் வரிசையாக இருக்கும். தண்ணீரோ நூல் போல வரும். "ஊத்து வத்திப் போச்சு" என்று சொல்லிவிடுகிறோம். பல வேளைகளில் ஊற்றில் குறையில்லை. வரும் வழியில்தான் தடை.

நமது லயங்கள் பலவற்றுக்கு மேட்டுத் தாங்கியிலிருந்தே தண்ணீர் இறங்குகிறது. உயரம்தான் அமுக்கம் தருகிறது. தாங்கி 30 அடி மேலே இருந்தால், சதுர அங்குலத்துக்குச் சுமார் 13 இறாத்தல் அமுக்கம் உண்டு. அது எங்கே குறைகிறது என்று நாமே தேடலாம்.

1. ஒரு குழாயில் மட்டும் குறைவா? வால்வை மூடி, அந்தக் குழாயைக் கழற்றி மண்ணை அகற்றுவோம். வாஷரையும் பார்ப்போம்.

2. எல்லாக் குழாயிலும் குறைவா? ஊற்றுவாய் வலையில் இலையும், தாங்கியில் சேறும் இருக்கிறதா என்று பார்ப்போம்.

3. விட்டுவிட்டுச் சீறி வருகிறதா? பைப்பில் காற்று அடைத்திருக்கலாம். அடியிலுள்ள குழாயை முழுதாகத் திறந்து ஓடவிடுவோம்.

4. உள்வரும் பைப்பையும் எல்லாக் குழாய்களையும் மூடிய பிறகும் தாங்கியின் மட்டம் இறங்கினால், எங்கோ கசிகிறது.

கசிவைச் சும்மா விடக்கூடாது. கானோரம் பைப் வெடித்திருந்தால், அமுக்கம் குறையும்போது கான் தண்ணீர் உள்ளே இழுபடும். பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வர அதுவே போதும். றப்பர் துண்டைச் சுற்றிவிட்டு மறந்துவிடாமல், நலன்புரி உத்தியோகத்தருக்கு உடனே அறிவிப்போம். பைப் சரியாகும் வரை மட்டுமல்ல, எப்போதும் கொதித்தாறிய நீரையே குடிப்போம்.