இருபது நகமும் கறுத்த அண்ணமும்

தென் மாவட்டங்களில் நாய்க்குட்டி எடுக்கப் போகிறவர்கள் பலர் இன்றும் இரண்டு காரியம் செய்கிறார்கள். காலைப் பிடித்து நகத்தை எண்ணுவார்கள். வாயைத் திறந்து அண்ணத்தைப் பார்ப்பார்கள். இருபது நகம் இருந்தால் வேட்டைக்குச் சூரன், அண்ணம் கறுத்திருந்தால் காவலுக்குக் கெட்டி என்பது பேச்சு. ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று எந்த இனமானாலும் இந்தச் சோதனை தப்பாது. கிடையிலும் தோட்டத்திலும் பத்துப் பன்னிரண்டு வருஷம் நமக்காக உழைக்கப்போகிற பிராணி அது. அதைப் பற்றி வழிவழியாக நாம் சொல்லிவரும் பலவும், நாம் செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருப்பதற்குச் சாக்காகிவிட்டன. என் சண்டை அந்தச் சாக்குகளோடுதான்.

நகத்தை முதலில் பார்ப்போம். முன்னங்காலுக்கு ஐந்து, பின்னங்காலுக்கு நான்கு, ஆக 18 நகம் என்பதே நாய்க்குப் பொதுவான கணக்கு. பின்னங்காலிலும் மேலே ஒட்டினாற்போல ஒரு நகத்தோடு சில குட்டிகள் பிறக்கும். அப்போது 20. தாய் தகப்பன் வழியாக வரும் உடலமைப்பு அது. வீரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த ஒட்டு நகம் தரையில் தேய்வதே இல்லை. கவனிக்காமல் விட்டால் வளைந்து சதைக்குள் இறங்கும், வேலிமுள்ளில் மாட்டிக் கிழியும். எண்ணிப் பெருமைப்படுவதைவிட மாதம் ஒருமுறை வெட்டிவிடுவது நாய்க்கு நல்லது.

அண்ணத்தின் கறுப்பு வெறும் நிறமி. ஆனால் நிறமியைப் பார்க்கத்தான் வேண்டும். பார்க்க வேண்டிய இடம் வாய் அல்ல, காது.

‘வெள்ளைக்குட்டி சாது, எவ்வளவு சத்தம் போட்டாலும் அசையாது’

2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அவற்றில் ராஜபாளையமும் ஒன்று. பால்வெள்ளை உடம்பும் ரோஜா நிற மூக்கும்தான் அதன் அடையாளம். அந்த வெள்ளையோடு ஒரு குறையும் சேர்ந்து வருகிறது. தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்கள் உட்காதிலும் உண்டு. ஒலியை வாங்கும் செல்கள் உயிரோடு இருக்க அவை அங்கே இருந்தாக வேண்டும். உடம்பு முழுக்க வெள்ளையாக இருக்கும் நாய்கள் சிலவற்றில் நிறமிச் செல்கள் உட்காது வரை போய்ச் சேர்வதில்லை. பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் செல்கள் அழிந்துவிடும். டால்மேஷியன் நாய்களிலும் இதே கதைதான். இந்தச் செவிட்டுக்கு மருந்து கிடையாது.

ஆகவே, கூடப்பிறந்ததெல்லாம் துள்ளி எழும்போது தான் மட்டும் சுருண்டு தூங்கும் வெள்ளைக்குட்டியைச் ‘சாது’ என்று மெச்சி எடுத்துவராதீர்கள். ஆறு வாரம் ஆனபிறகு, அது தூங்கும் நேரத்தில், கண்ணில் படாத இடத்தில் நின்று ஒரு தட்டைக் கரண்டியால் தட்டிப் பாருங்கள். தட்டைத் தரையில் போடக் கூடாது. தரை அதிர்ந்தால் செவிட்டுக்குட்டியும் விழித்துக்கொள்ளும்.

இந்த வீட்டுச் சோதனையிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இதில் தேறிவிடும். பெரிதானபின் கூப்பிட்டால் வரும், ஆனால் சத்தம் எந்தத் திசையில் என்று தெரியாமல் தடுமாறும். ஒலிக்கு மூளை தரும் மின்னலைகளை அளக்கும் சோதனை ஒன்றுதான் இதை உறுதியாகச் சொல்லும். ஒற்றைக்காது நாயை இனத்துக்கு விட்டால் குறை அடுத்த ஈற்றுக்கும் போகும். நல்ல வெள்ளை, நல்ல உயரம் என்பதற்காக மட்டும் கடுவனைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதைத்தான் ஊருக்கெல்லாம் பரப்புகிறார்கள். எனக்கு இதில் கோபமே உண்டு. செவிடு என்று தெரிந்தபின் அந்தக் குட்டியைச் சாலையோரம் விட்டுவிட்டு வருவது அதைவிடக் கொடுமை. வண்டிச் சத்தம் கேட்காத உயிர் சாலையில் எத்தனை நாள் இருக்கும்? கைச்சாடை சொல்லிக்கொடுத்தால் அது வீட்டுக்குள் நிம்மதியாக வாழும். காவலுக்கு ஆகாது, அவ்வளவுதான்.

வாலைப் பிடித்துத் தூக்கிக் கத்தாத குட்டியை எடுக்கும் வழக்கமும் உண்டு. வால் முதுகெலும்பின் நீட்சி. அப்படித் தூக்கினால் மூட்டு விலகும், நரம்பு இழுபடும். வேறொன்றும் தெரியவராது.

‘கண் திறந்ததும் பிரித்தால்தான் நம்மோடு ஒட்டும்’

குட்டி கண் திறப்பது இரண்டு வாரத்தில். அடுத்த ஆறு வாரம் அதற்குப் பள்ளிக்கூடம். கூடப்பிறந்ததைக் கடிக்கும், அது வீலென்று கத்தி விளையாட்டை நிறுத்தும், தாய் உறுமி அடக்கும். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்ற அளவு இப்படித்தான் படிகிறது. முப்பது நாளில் பிரித்த குட்டிக்கு இந்த அளவு தெரியாது. பிற்பாடு வீட்டுப் பிள்ளையின் கையில் அதன் பல் ஆழமாக இறங்கும்போது ‘இனமே மூர்க்கம்’ என்று பழியை இனத்தின் மேல் போடுவோம். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய 2017ஆம் ஆண்டு விதிகளும் சொல்கின்றன.

‘வெளியாள் கை பட்டால் காவல் கெட்டுப்போகும்’ என்பது இதோடு சேர்ந்த இன்னொன்று. நாய் வளர்ப்பில் அதிகத் தீங்கு செய்திருப்பது இந்த நம்பிக்கைதான் என்று நினைக்கிறேன். மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை குட்டியின் மனம் திறந்திருக்கும். அந்த நாட்களில் கண்டது, கேட்டது, முகர்ந்தது எல்லாம் அதற்குச் சாதாரணமாகிவிடும். காணாதது எல்லாம் பிறகு பயமாகும். கிடைக்காரர்களுக்கு இது எந்தப் புத்தகமும் இல்லாமலே தெரியும். அவர்களுடைய குட்டி ஆட்டுக்கால்களுக்கு நடுவில் வளர்வதால்தான் ஆட்டைத் தன் கூட்டமாக எண்ணுகிறது, நரி வந்தால் அதற்காக நிற்கிறது. ஒரு வயதுவரை ஆட்டையே பார்க்காத நாயைக் கிடைக்குக் கொண்டுபோனால் அது விரட்டும் முதல் பிராணி ஆடாகத்தான் இருக்கும்.

மனிதர் விஷயத்திலும் அப்படித்தான். பால்காரர், குடை பிடித்த கிழவர், தலைக்கவசம் போட்டவர், ஓடும் குழந்தை எல்லோரையும் குட்டியிலேயே பார்த்துப் பழகிய நாய்க்கு யார் வழக்கமானவர், யார் வழக்கத்துக்கு மாறானவர் என்று பிரித்தறியத் தெரியும். காவல் என்றால் அந்தப் பிரித்தறிதல்தான். பார்த்துப் பழகாத நாய்க்கு எல்லாமே ஆபத்து. அது கடிப்பது பயத்தால், துணிச்சலால் அல்ல. தடுப்பூசி முடியும்வரை தெருமண்ணில் விட வேண்டாம். கையில் தூக்கிக்கொண்டு போய்க் கடைத்தெருவைக் காட்டலாம், வீட்டுக்கு வருகிறவர்களைத் தொடச் சொல்லலாம்.

‘கட்டிப்போட்டால்தான் நாய்க்குக் கோபம் ஏறும்’ என்று நாள் முழுக்கச் சங்கிலியில் வைப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் நாய் நேற்று ராத்திரி குரைத்தபோது எழுந்து போய்ப் பார்த்தீர்களா? பெரும்பாலும் இல்லை என்றே சொல்வார்கள். ஏனென்றால் அது இலை விழுந்தாலும் குரைக்கிறது, பூனைக்கும் குரைக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் இருமினாலும் குரைக்கிறது. சங்கிலியில் கிடக்கும் நாய்க்கு நெருங்கிப் போய்ப் பார்க்கவும் முடியாது, விலகி ஓடவும் முடியாது. மிச்சம் இருப்பது குரைப்பும் கடியும் மட்டும். வேலிக்குள் சுற்றிவர விட்ட நாய் போய் முகர்ந்து பார்த்துவிட்டு, காரணம் இருந்தால் மட்டும் குரைக்கும். அந்தக் குரைப்புக்கு நாமும் எழுந்திருப்போம். 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டமும் எப்போதும் கட்டிவைத்திருக்கும் நாயை நடமாட விடாமலிருப்பதைக் குற்றம் என்கிறது. அறுபது வருஷத்துக்கும் மேலாக அந்தப் பிரிவு இருக்கிறது. எத்தனை பேருக்குத் தெரியும்?

பச்சைக்கறி போட்டால் நாய்க்கு வெறி வரும் என்பது பொய். மூர்க்கம் உணவில் ஏறுவதில்லை. பயந்துகொண்டு வெறும் கூழும் மோர்ச்சோறும் மட்டும் ஊற்றினால், ஓடி உழைக்கும் உடம்புக்குப் புரதம் போதாது. கறியை வேகவைத்துப் போடுங்கள், முட்டை போடுங்கள். வெந்த கோழி எலும்பு வேண்டாம், குடலில் குத்தும். மீந்துபோன சாம்பாரையும் ஊற்ற வேண்டாம். அதிலுள்ள வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். கன்னிக்கும் சிப்பிப்பாறைக்கும் விலா லேசாகத் தெரிவது அவற்றின் உடல்வாகு, அதைப் பட்டினி என்று எண்ணித் திணித்துக் கொழுக்கவைக்கக் கூடாது.

முயலுக்கு விட்டுப் பழக்காவிட்டால் இந்த இனங்கள் அழிந்துவிடும் என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. முயல் வேட்டை குற்றம். வேலி போட்ட தோட்டத்தில் அதிகாலையில் அவிழ்த்துவிட்டால் நாய் மனம்நிறைய ஓடும். உச்சிவெயிலில் மட்டும் வேண்டாம். நாட்டு நாய்க்கும் வெப்பத்தாக்கு வரும், நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதைத் தவிர உடம்பைக் குளிரவைக்க அதற்குப் பெரிய வழியில்லை.

‘பெட்டை காவலுக்கு ஆகாது’

இந்த ஒரு சொல்லால் ஈற்றுக்கு ஈற்று பெட்டைக்குட்டிகள் சாக்கில் கட்டி ஊர் எல்லைக்குப் போகின்றன. தன் இடத்தைக் காப்பதில் பெட்டை எந்தக் கடுவனுக்கும் குறைந்ததில்லை. பருவத்துக்கு வரும்போது ஊர்க் கடுவன்கள் கூடுவதும் வேண்டாத குட்டிகள் பிறப்பதும்தான் மெய்யான சிக்கல். அதற்குக் கருத்தடை அறுவை இருக்கிறது. ஒருமுறையாவது குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது என்பதும் சரியல்ல. கருப்பையை எடுத்த பெட்டைக்குக் கருப்பையில் சீழ் கட்டும் உயிர்கொல்லி நோய் வராது. இளவயதிலேயே செய்தால் மடிக்கட்டி வரும் வாய்ப்பும் குறைகிறது.

‘நாட்டு நாய்க்கு ஊசி எதற்கு?’

நம் மண்ணின் நாய், நோயை ரத்தத்திலேயே வெல்லும் என்கிறார்கள். ரத்தபேதி கண்டு மூன்று நான்கு நாளில் குட்டிகள் சாகும் பார்வோ நோயை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிருமி நாய்களிடம் தோன்றியதே 1970களில்தான். 1978 தொடங்கி இரண்டே வருஷத்தில் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. பாட்டன் காலத்து நாய் கண்டிராத நோய்க்குப் பாட்டன் ரத்தத்தில் எதிர்ப்பு எங்கிருந்து வரும்? ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம்வரை. ஒரே ஊசி போதாததற்குக் காரணம் உண்டு. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பு உடம்பில் இருக்கும்வரை அது தடுப்பூசியையும் வேலைசெய்ய விடாது. அது எந்த வாரத்தில் வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும்.

வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில், பிறகு ஆண்டுதோறும். செப்டம்பர் 28, உலக வெறிநோய் நாளையொட்டி அரசு கால்நடை மருந்தகங்கள் பலவற்றில் இலவசமாகவே போடுகிறார்கள். நாய் கடித்துவிட்டால் மஞ்சளும் சுண்ணாம்பும் மிளகாயும் அப்ப வேண்டாம். சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலம் மலையேறிவிட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். வெறிநோய் அறிகுறி கண்டபின் பிழைத்தவர்கள் உலகிலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

உண்ணிக் காய்ச்சலும் நாட்டு நாயை விட்டுவைப்பதில்லை. தின்னாமல் சுருண்டு படுத்து, ஈறு வெளுத்திருந்தால் அன்றே ரத்தம் பார்க்க வேண்டும்.

‘நாயின் ஒரு வயசு நமக்கு ஏழு வயசு’ என்ற கணக்கை நம்பித்தான் பலர் முதுமையைத் தவறவிடுகிறார்கள். ஒரு வயதிலேயே நாய் குட்டி ஈனும், ஏழு வயதுக் குழந்தையோடு அதை எப்படி ஒப்பிடுவது? பெரிய உடம்புள்ள நாய் சின்ன நாயைவிட வேகமாக மூப்படையும். ராஜபாளையம், கோம்பை அளவுள்ள நாய்க்கு எட்டு வயதிலிருந்தே வருஷம் இரண்டுமுறை பல், சிறுநீரகம், மூட்டு பார்ப்பது நல்லது. எழும்போது முனகுகிற நாயை ‘சோம்பேறி ஆயிடுச்சு’ என்று சொல்லிவிட்டுப் போகிறோம். அது மூட்டுவலி, மருந்து இருக்கிறது. நாம் போட்டுக்கொள்ளும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் மாத்திரைகளைக் கொடுத்துவிடாதீர்கள். வயிற்றில் புண்ணாகும், சிறுநீரகம் கெடும்.

‘சாவு தெரிந்ததும் நாய் தானாகவே போய்விடும்’

எசமானுக்குச் சங்கடம் தரக் கூடாதென்று கிழநாய் வீட்டை விட்டுப் போய்விடுமாம். இதை நெகிழ்ந்து சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தேடிப் போகாமலிருக்க அவர்களுக்கு இது ஆறுதல். பலம் போன பிராணி ஒதுக்குப்புறத்தில் மறைவது உள்ளுணர்வு, தாக்குதலுக்குப் பயந்து ஒளிகிறது. பார்வை மங்கி, மூளை தளர்ந்து வழி தவறுவதும் உண்டு. தாகத்தோடு வாய்க்கால் புதரில் கிடப்பது தியாகம் அல்ல. தேடுங்கள். கிடைத்தால் பல சமயம் காப்பாற்றவும் முடியும்.

காப்பாற்ற முடியாத நிலையில் மருத்துவர் கருணைக்கொலை பற்றிப் பேசுவார். பாவம் என்று மறுத்துவிட்டு, புற்று முற்றிய நாயைக் கொட்டகையில் ஈ மொய்க்கப் போட்டுவைப்பதை என்னால் புண்ணியமாக எண்ண முடியவில்லை. நடப்பது இதுதான். முதலில் மயக்க ஊசி போடுவார்கள். பிறகு பென்டோபார்பிடால் என்ற மருந்தை நரம்பில் அளவுக்கு மேல் செலுத்துவார்கள். சில நொடிகளில் நினைவு போகும், அப்புறம் மூச்சு, பிறகு இதயம். கண் திறந்தபடியே இருக்கலாம், கடைசியில் ஓரிரு முறை வாய் காற்றை இழுக்கலாம். இரண்டும் வலி அல்ல. எப்போது என்று முடிவெடுக்க, தின்கிறதா, தானாக எழுகிறதா, வாலை ஆட்டுகிறதா என்று தினமும் குறித்துவாருங்கள். கெட்ட நாட்கள் நல்ல நாட்களை மிஞ்சும்போது மருத்துவரிடம் பேசுங்கள். கடைசி ஊசியின்போது அறையை விட்டு வெளியேறாதீர்கள். உங்கள் மணமும் குரலும் பக்கத்தில் இருந்தால் நாய் மிரளாது.

உடலைக் கண்மாய்க்கரையிலோ புதரிலோ போட்டுவிடக் கூடாது. அந்த மருந்து உடலிலேயே தங்கியிருக்கும். இழுத்துத் தின்னும் நரியும் நாயும் பருந்தும் செத்துப்போகும். கிணற்றுக்குத் தள்ளி, நான்கடிக்குக் குறையாமல் தோண்டிப் புதையுங்கள். இறந்தது பார்வோவால் என்றால் அந்தக் கிருமி மண்ணில் ஒரு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கும். அந்த வீட்டுக்கு அடுத்து வருகிற குட்டி, தடுப்பூசி எல்லாம் முடித்ததாக இருக்கட்டும்.