தலைப்பை மாற்று, மகளே

திருக்கோகர்ணம்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய ஆய்வுத் திட்டத்தை நிதானமாகப் படித்தேன். தமிழும் ஆங்கிலமும் பேசும் நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளின் வாயில் ஒலிகள் எப்படிப் பிறக்கின்றன என்று அளக்கப் போகிறாய். எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆனால் தலைப்பிலேயே 'உச்சரிப்புப் பிழைகள்' என்று போட்டிருக்கிறாயே அம்மா, அளப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதலாமா?

முதலில் லீ லிஸ்கரைப் படி. தெலுங்கும் தமிழும் ஆராய்ந்த அமெரிக்க மொழியியலாளர் அவர். தமிழ் வல்லினத்தில் ஒற்றையையும் இரட்டையையும் பிரித்துக் காட்டுவது குரல் அதிர்வா, ஒலியின் நீளமா என்று 1958-லேயே கட்டுரை எழுதியவர். 1964-ல் ஆர்தர் ஆப்ராம்சனோடு சேர்ந்து 11 மொழிகளில் சொல்லின் முதலில் வரும் வல்லொலிகளை அளந்தார். அதில் தமிழும் உண்டு. வாயின் அடைப்பு ('ப'வில் உதடு) திறந்ததிலிருந்து குரல்நாண் அதிரத் தொடங்கும் வரை எவ்வளவு நேரம் என்பதுதான் அவர்கள் பிடித்த அளவு. அமெரிக்க ஆங்கிலத்தின் 'ப' சராசரி 58 மில்லி நொடி. நம் 'பல்', 'பால்' என்பவற்றின் 'ப' அதில் கால் பங்குகூட வராது. 'பயம்', 'பஸ்', 'பீடி' என்னும்போதோ உதடு திறக்கும் முன்பே குரல்நாண் அதிரத் தொடங்கிவிடும். எழுத்து மாறவில்லை, நேரம் மாறிவிடுகிறது.

நம் பிள்ளை 'பேனா'வுக்குச் சொல்லும் அதே 'ப'வை ஆங்கிலப் 'பென்'னுக்கும் சொன்னால் அமெரிக்கர் காதில் அது 'பென்ச்'சின் முதலொலி போல விழலாம். இதைத்தான் நீ பிழை என்கிறாய். அந்தப் பிள்ளை ஆங்கிலத்தை யாரிடம் கேட்டது? வகுப்பு ஆசிரியரிடம். அவருடைய 'ப'வும் தமிழ் 'ப'தானே. கேட்டதைக் கேட்டபடியே திருப்பிச் சொல்லும் குழந்தை எங்கே பிழை செய்தது? அதனால் பிள்ளைகளின் குரலைப் பதிவு செய்யும் முன் ஆசிரியர்களின் குரலைப் பதிவு செய். ஆங்கிலமே படிக்காத நம் தெருப் பாட்டிமாரையும் விட்டுவிடாதே. இந்த இரண்டு அளவும் கையில் இல்லாமல் பிள்ளைகளைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதே.

இன்னொன்று. இரண்டாம் மொழி வந்தால் முதல் மொழியும் அசைந்து கொடுக்கும். ஜேம்ஸ் ஃப்ளெகே 1987-ல் வெளியிட்ட ஆய்வில், சிகாகோவில் வாழ்ந்த பிரெஞ்சுப் பெண்கள் தம் தாய்மொழியில் சொன்ன 'த'வே ஆங்கிலத்தின் பக்கம் நீண்டிருந்தது. பெரியவர்களுக்கே இப்படி நேர்ந்திருக்கிறது. 1989-ல் பிரான்சுவா குரோஜான் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்: இருமொழியாளர் என்பவர் இரண்டு ஒருமொழியாளர்களை ஒட்டவைத்த ஆள் அல்லர். தடை தாண்டி ஓடுபவரை ஓட்டக்காரரோடும் உயரம் தாண்டுபவரோடும் தனித்தனியே ஒப்பிட்டு, இரண்டிலும் மட்டம் என்று யாராவது சொல்வார்களா என்று கேட்டார். உன் ஆய்வேட்டின் முதல் இயலுக்கு இதைவிட நல்ல துணை கிடைக்காது.

பதிவு செய்யும்போதும் கவனம் வேண்டும். எதிரே இருப்பவர் எந்த மொழிக்காரர் என்று பார்த்தே இருமொழிப் பிள்ளையின் பேச்சு மாறும். நீ ஆங்கிலத்தில் வரவேற்றுவிட்டுத் தமிழ்ச் சொற்களைக் கேட்டால் வருவது கலவை அளவாக இருக்கும். தமிழை ஒரு நாளில், வீட்டுக்குத் தெரிந்த ஒருவரைப் பேசவைத்து எடு. ஆங்கிலத்தை வேறொரு நாளில் எடு. போர்சுமாவும் வேனிங்கும் ஆம்ஸ்டர்டாமில் உருவாக்கிய 'ப்ராட்' மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அது மில்லி நொடியைக் காட்டும். பிள்ளை அப்போது கூச்சத்தில் இருந்ததா என்பதை நீதான் கவனித்துக் குறிக்க வேண்டும்.

ஆங்கிலத்தை மட்டும் துரத்தாதே என்பதும் என் ஆசை. வீட்டில் தெலுங்கும் வெளியே தமிழும் பேசுகிற குடும்பங்கள் நம் மாவட்டத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. தெலுங்கில் 'ப'வுக்கும் அதன் அதிரும் இணைக்கும் தனித்தனி எழுத்தே உண்டு. அந்த வீட்டுப் பிள்ளை 'பயம்' என்பதையும் 'பல்' என்பதையும் எப்படிப் பிரித்துச் சொல்கிறது? லிஸ்கருக்கு இரண்டு மொழியும் பழக்கம். அவர் இருந்திருந்தால் ஆவலோடு கேட்டிருப்பார்.

விடுமுறைக்கு வரும்போது நம் ஊர் அருங்காட்சியகத்துக்கு மட்டும் போய்த் திரும்பிவிடாமல் குடுமியான்மலைக்கும் போய் வருவோம். ஏழாம் நூற்றாண்டு அளவில் அங்கே பாறையில் இசைச் சுரங்களைக் கிரந்த எழுத்தில் வெட்டி, ஒரு குறிப்பைத் தமிழில் சேர்த்திருக்கிறார்கள். ஒலியைத் துல்லியமாகக் குறிக்கும் வேலை நம் பக்கத்துக்குப் புதிதல்ல என்பதை நீ நேரில் பார்க்க வேண்டும்.

'வீட்டில் தமிழ் பேசாதீர்கள், பிள்ளையின் ஆங்கிலம் கெட்டுவிடும்' என்று பெற்றோருக்குச் சொல்லும் பள்ளிகள் இன்றும் இருக்கின்றன. 'பிழைகள்' என்ற தலைப்போடு உன் ஆய்வேடு வந்தால் அவர்கள் அதையே சான்றாகக் காட்டுவார்கள். நெறியாளரிடம் பேசித் தலைப்பை மாற்று. அதற்கு அவர் காரணம் கேட்டால் முதலில் ஆசிரியர்களின் அளவுகளை எடுத்துக் காட்டு.

அன்புடன்,
பெரியப்பா