அக்கிக்கு ஐந்து வேளை மாத்திரையா?

கேள்வி: அம்மாவுக்கு இடுப்பில் அக்கி. டாக்டர் அசைக்ளோவிர் 800 மி.கி. மாத்திரையை தினம் ஐந்து வேளை எழுதியிருக்கிறார். கிட்னிக்கு ஆகாது என்கிறார்களே?

பதில்: ரத்தத்தில் இந்த மருந்தின் அளவு சுமார் மூன்று மணி நேரத்தில் பாதியாகிவிடும், அதனால்தான் ஐந்து வேளை. அக்கியை உண்டாக்கும் வைரஸ் தன் டி.என்.ஏ.வைச் செங்கல் செங்கலாக அடுக்கிப் பெருகுகிறது. அசைக்ளோவிர் ஒரு போலிச் செங்கல். அது உட்கார்ந்துவிட்டால் அதற்கு மேல் அடுக்க முடியாது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் போலியை முடுக்கிவிடுவதே வைரஸின் சொந்த நொதிதான். ஆகவே நல்ல செல்களுக்குப் பாதிப்பு குறைவு. நரம்பில் தூங்கும் வைரஸை மட்டும் இது ஒன்றும் செய்யாது.

கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. குயவரிடம் காவியால் அக்கி எழுதிக்கொண்டு நாலாம் நாள் டாக்டரிடம் போகிறவர்களை நினைத்தால் எனக்கு ஆற்றாமைதான்.

குமட்டல், தலைவலி வரலாம். தண்ணீர் குறைந்தால் மருந்து சிறுநீரகத்தில் படிகமாகப் படியக்கூடும். நிறையக் குடிக்கச் சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். கிரியாட்டினின் பார்த்தாயிற்றா என்று டாக்டரைக் கேளுங்கள். அம்மா திடீரென்று குழம்பிப் பேசினால் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.