ஒரு தடவை டெங்கு வந்தால் மறுபடி வராதா?

மழைக்காலம் பிறந்துவிட்டால் மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கத்துத் தாய்மார்கள் தவறாமல் கேட்கிற கேள்வி இது. "டாக்டர், பையனுக்குப் போன வருஷமே டெங்கு வந்துட்டுப் போயிடுச்சு. இனிமே வராதில்ல?"

அம்மை போட்டால் மறுபடி போடாது என்று பாட்டி சொல்லிக் கேட்டுப் பழகியவர்கள் நாம். டெங்கு விஷயத்தில் அந்தக் கணக்கு பலிக்காது.

ஒவ்வொரு கிருமிக்கும் அதற்கே உரிய அடையாளம் உண்டு. அதைத்தான் ஆன்டிஜென் என்கிறார்கள். வைரஸ் உள்ளே நுழைந்ததும் உடம்பின் முதல் காவல்படை, வந்தது யார் என்று விசாரிக்காமலே பாய்கிறது. காய்ச்சலும் உடம்புவலியும் பெரும்பாலும் அந்தச் சண்டையின் விளைவுதான். இதற்கிடையில் வெள்ளை அணுக்களில் ஒரு பிரிவு அந்த அடையாளத்துக்கு மட்டுமே பொருந்துகிற ஆன்டிபாடியைத் தயாரிக்க ஆரம்பிக்கிறது. பாண்டி பஜார் தையல்காரரிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். முதல் தடவை சில நாள் பிடிக்கும். அளவு நோட்டில் ஏறிவிட்டால் அடுத்த தடவை சீக்கிரம் கிடைத்துவிடும்.

இரத்தப் பரிசோதனையும் இந்தக் கணக்கை வைத்துத்தான். முதல் ஐந்து நாளுக்குள் எடுக்கிற என்.எஸ்.1, வைரஸின் ஆன்டிஜெனையே தேடுகிறது. ஐ.ஜி.எம். தேடுவது ஆன்டிபாடியை. அதனால் இரண்டாம் நாளே ஐ.ஜி.எம். எடுத்து 'இல்லை' என்று வந்தால், டெங்கு இல்லை என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

1964-ல் மதராஸை ஆட்டிவைத்து, 2006-ல் மறுபடி தமிழ்நாட்டுக்கு வந்த சிக்குன்குனியா ஒருவருக்குப் பொதுவாக இரண்டாம் தடவை வருவதில்லை. ஆனால் டெங்கு வைரஸில் நான்கு வகை இருக்கிறது! ஒரு வகை வந்துபோனால் அந்த வகைக்குத்தான் நீண்டகாலப் பாதுகாப்பு. மற்ற மூன்றுக்கும் சில மாதங்களே. பிறகு வேறு வகை நுழைந்தால், பழைய ஆன்டிபாடி அக்காவின் ரவிக்கை தங்கைக்குச் சேர்கிற மாதிரி அரைகுறையாக ஒட்டிக்கொள்ளும். வைரஸை அழிக்காது. அது வெள்ளை அணுக்களுக்குள் நுழைய வழிகூடச் செய்துகொடுத்துவிடும். இரண்டாம் டெங்கு சிலருக்குக் கடுமையாக இருப்பது இதனால்தான். முன்பு டெங்கு வந்திருந்தால் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

நிலவேம்புக் குடிநீரைச் சொல்லாமல் விட்டால் என்னைச் சித்த வைத்தியன் என்றே ஒப்புக்கொள்ளமாட்டீர்கள். ஒன்பது சரக்கு சேர்ந்த கஷாயம். காய்ச்சலுக்கு நாங்கள் கொடுத்துவருவதுதான். ஆனால் அது தடுப்பூசி இல்லை. குடித்தாயிற்றே என்று பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். ஆஸ்பிரின், புரூஃபென் மாத்திரைகளை நீங்களாக வாங்கிக் கொடுக்கவே கூடாது, இரத்தக்கசிவு அதிகமாகும்.

மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். 'அப்பாடா' என்று உட்காருகிற நேரம் அதுவல்ல. கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், துவண்டு கிடத்தல், சிறுநீர் குறைதல், இதில் எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

பகலில் கடிக்கிற ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். அடையாறு, தி.நகர் அடுக்குமாடிக்காரர்கள் சம்ப் மூடியைப் பார்ப்பீர்கள், சரி. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தண்ணீர்த் தட்டைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள்?